நம் கையில் வந்த படம் ஓர் அடைக்கலம்

இம்மாதப் படிப்பு வட்டப் பாடம்

இந்த மாதம் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் நம் எல்லார் கைப்பேசியிலும் இருப்பது: நெருங்கியவர்களோடு மட்டும் படமும் செய்தியும் பகிர்ந்துகொள்ளும் செயலிகள். புலனத்தில் (வாட்ஸ்அப்) இருக்கும் குடும்பக் குரூப், இன்ஸ்டாகிராமின் ‘நெருங்கிய நண்பர்கள்’ பட்டியல், ஸ்னாப்சாட், லாக்கெட் எல்லாம் இதில் அடங்கும்.

இவற்றைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். “நான் ஊருக்கே போடலையே, நம்ம ஆளுங்களுக்கு மட்டும்தானே போடுறேன், இதுல என்ன பயம்?” நியாயமான பதில்தான். ஆனால் அந்த ‘நம்ம ஆளுங்க’ என்ற நம்பிக்கையைக் காப்பாற்றுவது யார்? செயலியா, அந்தப் படத்தைக் கையில் வாங்குகிறவரா? இந்தப் பாடம் முழுக்க இந்த ஒரு கேள்வியைத்தான் பார்க்கப் போகிறோம்.

பாடத்தை முடிக்கும்போது நமக்கு மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்:

• இத்தகைய செயலிகள் எதைக் காக்கும், எதைக் காக்காது?
• நம் கையில் வந்துசேரும் படத்துக்கு நம் மரபு வைக்கும் நெறி என்ன?
• அடுத்த கூட்டத்துக்குள் வீட்டில் செய்து பார்க்க வேண்டியது என்ன?

1. தூரத்தைக் குறைத்த கருவி

முதலில் இந்தச் செயலிகளால் வந்த நன்மையைச் சொல்லிவிடுவோம். குறை சொல்வதற்கு மட்டும் ஒரு பாடம் தேவையில்லை.

ஆயர் ஈத்தாம் சாலைகள் சந்திக்கும் ஊர். பத்து பகாட்டிலிருந்து குளுவாங் போகும் சாலையும், ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே போகும் பழைய கூட்டரசுச் சாலையும் இங்கேதான் ஒன்றையொன்று வெட்டுகின்றன. வெளியூர்க்காரர்களுக்கு நம் ஊர் என்றால் மண்பாண்டக் கடைகளும் பேருந்து நிற்கும் சாப்பாட்டுக் கடைகளும்தான் ஞாபகம் வரும். சாலைச் சந்திப்பில் இருக்கும் ஊருக்கு ஒரு குணம் உண்டு. பிள்ளைகள் சுலபமாகக் கிளம்பிப் போய்விடுவார்கள். மகன் சிங்கப்பூரில், மகள் கோலாலம்பூரில், அப்பாவும் அம்மாவும் மட்டும் தாமான் வீட்டில். இப்படி எத்தனை வீடு உங்களுக்குத் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள்.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, ஜொகூர் பாலத்தில் தினமும் போய் வந்துகொண்டிருந்தவர்களின் பயணம் நின்றது. காலையில் போய் இரவில் வீடு திரும்பியவர்கள், சிங்கப்பூரிலேயே தங்குவதா, வேலையை விடுவதா என்று ஓரிரு நாளில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் ஒரு சிறப்பு ஏற்பாடு தொடங்கியது. அதிலும் அங்கே குறைந்தது மூன்று மாதம் வேலை செய்த பிறகுதான் விடுப்பில் வீட்டுக்கு வர முடியும். தடுப்பூசி போட்டவர்களுக்கான தரைவழிப் பயணம் 2021 நவம்பர் 29இல் தொடங்கியது. பாலம் முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 ஆனது. இரண்டு ஆண்டுக்கும் மேல்.

அந்த இரண்டு ஆண்டில் ஜொகூர்க் குடும்பங்களைக் கட்டி வைத்தது பெரும்பாலும் கைப்பேசித் திரைதான். குழந்தையின் முதல் நடை, தீபாவளிக் கோலம், அம்மா வைத்த மீன் குழம்பு எல்லாம் படமாகப் பாலத்தைக் கடந்தன. பெற்றவர்களின் இறுதிச் சடங்கையே காணொளியில் பார்த்துக் கும்பிட்டவர்கள் நம் சமூகத்தில் உண்டு. ஆகவே, “எல்லாம் போனால வந்த கேடு” என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. இவ்வளவு பெரிய காரியத்துக்குப் பயன்பட்ட கருவி என்பதால்தான் அதை ஒழுங்காகப் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

2. நெருக்கம் என்றால் எத்தனை பேர்?

ராபின் டன்பார் என்ற பிரிட்டன் ஆய்வாளர் 1992இல் ஒரு கணக்கைச் சொன்னார். மூளையின் அளவையும் கூட்டத்தின் அளவையும் ஒப்பிட்டு, ஒரு மனிதன் நிலையாக உறவு வைத்துக்கொள்ளக்கூடியவர்கள் ஏறக்குறைய 150 பேர் என்றார். பின்னர் வந்த ஆய்வுகளில் இந்த 150க்குள்ளும் அடுக்குகள் இருப்பதாகக் காட்டினார். மிக நெருக்கமாக 5 பேர், அடுத்து 15, அடுத்து 50, அதற்கு வெளியே 150. இந்த எண்களோடு எல்லா ஆய்வாளர்களும் உடன்படுவதில்லை. ஆனாலும், உறவு அடுக்கடுக்காக இருக்கிறது என்பதை நம் அனுபவமே ஒப்புக்கொள்ளும். கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்குப் பத்திரிகை கொடுக்கிறோம். பணத்துக்கு முடை வந்தால் ஐந்து பேரைத்தான் கூப்பிடுகிறோம், இல்லையா?

கோயிலுக்குப் போகிற நமக்கு இந்த அடுக்கு புதிதில்லை. ராஜகோபுரத்தைத் தெருவில் போகிற யாரும் பார்க்கலாம். உள்ளே பிராகாரம், அதற்கும் உள்ளே மண்டபம், கடைசியில் கருவறை. இதில் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே போகப் போக நியமம் கூடுகிறது. வெளியே நிற்கும் பக்தருக்கு இல்லாத கட்டுப்பாடுகள் கருவறைக்குள் நிற்கும் அர்ச்சகருக்கு உண்டு. கிட்டத்தில் நிற்கும் உரிமையும் கூடுதல் பொறுப்பும் அவருக்கு ஒன்றாகவே வருகின்றன.

குடும்பக் குரூப்பில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நெருங்கியவர் என்றால் அனுமதி கேட்க வேண்டாம், என்ன வேண்டுமானாலும் எடுக்கலாம், யாருக்கும் அனுப்பலாம் என்று நினைக்கிறோம். “என் அக்கா படம்தானே, நான் அனுப்பக் கூடாதா?” என்கிறோம். கருவறைக் கணக்குப்படி பார்த்தால், அக்கா என்பதாலேயே கூடுதலாக யோசிக்க வேண்டும்.

3. ‘பாத்’ என்ற செயலியின் கதை

நெருங்கியவர்களுக்கு மட்டும் என்று சொல்லிக்கொண்டு வந்த செயலிகளில் முக்கியமானது பாத். பேஸ்புக்கில் வேலை பார்த்த டேவ் மோரின் உள்ளிட்ட சிலர் 2010 நவம்பரில் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். பேஸ்புக்கில் ஆயிரக்கணக்கில் நண்பர்கள் சேர்ந்துகொண்டிருந்த காலம் அது. பாத்தில் 50 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. பிறகு அது 150 ஆனது. மேலே சொன்ன டன்பார் கணக்கை வைத்துத்தான் அந்த எண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் அண்டை நாடான இந்தோனேசியாவில் அது மிகப் பிரபலமாக இருந்தது.

2012 பிப்ரவரியில் சிங்கப்பூரில் இருந்த அருண் தாம்பி என்ற மென்பொருளாளர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். பாத்துக்கு ஒரு கணினிச் செயலி எழுதிப் பார்க்கலாம் என்று, ஐபோனிலிருந்து அந்தச் செயலி எதை அனுப்புகிறது, எதைப் பெறுகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தார். அப்போது போனில் இருக்கும் தொடர்பு எண் புத்தகம் முழுவதும், பெயர், எண், மின்னஞ்சலோடு, நிறுவனத்தின் கணினிக்குப் போவது தெரிந்தது. பயனரிடம் யாரும் கேட்கவில்லை. விஷயம் வெளியானதும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, எடுத்த தரவை அழித்ததாக அறிவித்தது. அடுத்த ஆண்டு, 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஏறக்குறைய 3,000 பிள்ளைகளின் விவரத்தைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் சேகரித்த குற்றச்சாட்டுக்காக, அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையத்துக்கு 8 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

நெருங்கியவர்களுக்கு மட்டும் என்று கதவு வைத்தவரே சாவித் துவாரம் வழியாக உள்ளே பார்த்த கதை இது.

கதையின் முடிவையும் கேளுங்கள். 2015இல் பாத் ஒரு தென்கொரிய நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2018 அக்டோபர் 18ஆம் நாள் சேவை நின்றுபோனது. பயனர்கள் தங்கள் படங்களைப் பதிவிறக்கிக்கொள்ள ஒரு மாதம்தான் அவகாசம். அந்த அறிவிப்பைக் கவனிக்காதவர்களின் படங்கள் போனது போனதுதான். பாட்டி வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஐம்பது ஆண்டு தாங்குகிறது. பாத் எட்டு ஆண்டுகூடத் தாங்கவில்லை.

இதற்குப் பிறகும் அதே எண்ணத்தோடு புதுச் செயலிகள் வந்துகொண்டே இருக்கின்றன. இன்ஸ்டாகிராம் 2018 நவம்பரில் ‘நெருங்கிய நண்பர்கள்’ பட்டியலைக் கொண்டுவந்தது. 2022 ஜனவரி 1ஆம் நாள் வந்த லாக்கெட், நாம் எடுக்கும் படத்தை நண்பரின் கைப்பேசி முகப்பிலேயே காட்டும். தொடக்கத்தில் 5 பேரைத்தான் சேர்க்க முடிந்தது, பிறகு 20 ஆனது. எண்ணிக்கையைக் குறைத்தால் நெருக்கம் வரும் என்பது இவை எல்லாவற்றுக்கும் பொதுவான நம்பிக்கை.

4. பூட்டு எதுவரை காக்கும்?

பொறியியல் படிக்கிறவன் என்பதால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

புலனம் 2016 ஏப்ரலில் எல்லாச் செய்திகளுக்கும் முனையிலிருந்து முனைவரை மறையாக்கம் கொண்டுவந்து முடித்தது. நீங்கள் அனுப்பும் படம் உங்கள் போனிலேயே பூட்டப்படுகிறது. திறக்கும் சாவி பெறுபவரின் போனில் மட்டும் இருக்கிறது. நடுவில் இருக்கும் நிறுவனமோ தொலைத்தொடர்புக் கம்பெனியோ அந்தப் படத்தைப் பார்க்க முடியாது. இது நல்ல பாதுகாப்புத்தான்.

ஆனால் இது தண்ணீர்க் குழாய் மாதிரி. குழாயில் வழியில் ஓட்டை இல்லை என்பதற்குத்தான் இந்தத் தொழில்நுட்பம் உத்தரவாதம். குழாயின் மறுமுனையில் தண்ணீரைப் பிடிக்கிறவர் அதை என்ன செய்கிறார் என்பது அதன் கணக்கில் வராது. மறுமுனையில் என்னவெல்லாம் நடக்கலாம் என்று பாருங்கள்:

• வந்த படம் தானாகவே போன் கேலரியில் சேமிக்கப்படலாம். அந்தப் போனை எடுத்து விளையாடும் குழந்தை, பழுது பார்க்கும் கடைக்காரர் என்று யார் கண்ணிலும் படலாம்.
• உரையாடலின் காப்புப் பிரதி கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகலாம். அந்தப் பிரதியையும் மறையாக்கம் செய்யும் வசதி 2021இல் வந்தது. அதை நாமாகப் போய் அமைப்பில் திறந்துவிட வேண்டும்.
• ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். ‘ஒருமுறை மட்டும் பார்க்கும்’ படத்துக்கு ஸ்கிரீன்ஷாட்டைத் தடுத்தாலும், பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் படம் பிடிப்பதை எந்தச் செயலியாலும் தடுக்க முடியாது.
• 500 பேர் இருக்கும் கோயில் விழாக் குரூப்பில் யாரோ ஒருவர் அதைத் தள்ளிவிடலாம்.

‘மறைந்துவிடும் படம்’ என்று பெயர் வாங்கிய ஸ்னாப்சாட்டே இதில் மாட்டியது. படம் அழிந்துபோகும் என்று சொன்னீர்கள், ஆனால் அதைச் சேமித்து வைக்கப் பல வழி இருக்கிறதே என்று அதே அமெரிக்க வணிக ஆணையம் கேட்டது. 2014 மே மாதத்தில் அந்த வழக்கில் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கிறது. அது வணிகத்தில் பயன்படும் தரவுக்கானது. ஒருவர் தன் சொந்த, குடும்ப, வீட்டுக் காரியத்துக்காக வைத்திருக்கும் விவரத்துக்கு அந்தச் சட்டம் விலக்குக் கொடுக்கிறது. அதாவது, உங்கள் மாமா உங்கள் படத்தைக் குடும்பக் குரூப்பில் போட்டால் இந்தச் சட்டம் அங்கே வராது. எல்லை மீறிப் போனால் வேறு சட்டங்கள் உண்டு. சிறுவர்களின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் அனுப்புவதும் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி கடுமையான குற்றம். ‘பிரண்ட்ஸ் குரூப்லதான் அனுப்பினேன்’ என்பது அங்கே செல்லாது. ஆனால் அந்த எல்லைக்கு இந்தப் பக்கம், தினசரி வீட்டுக்குள் நடக்கும் சின்னச் சின்னப் பகிர்வுகளுக்குக் காவல்காரர் யாரும் இல்லை. அங்கே இருப்பது நம் மனச்சாட்சி மட்டும்தான்.

5. நம்பிக்கை மேல் ஏறி வந்த பொய்

நெருங்கிய வட்டத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. தெரியாதவர் சொன்னால் சந்தேகப்படுகிறோம். சித்தி அனுப்பினால் அப்படியே நம்பிவிடுகிறோம்.

2018இல் தமிழ்நாட்டில், குழந்தைகளைக் கடத்தும் கும்பல் ஊருக்குள் இறங்கிவிட்டது என்று எச்சரிக்கும் செய்திகள் கைப்பேசி கைப்பேசியாகப் பரவின. அனுப்பியவர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணத்தில் அனுப்பியிருக்க மாட்டார்கள். நம் பிள்ளைகள் பத்திரமாக இருக்க வேண்டும் என்ற அக்கறையில், தங்களுக்கு வந்ததைச் சொந்தக்காரர்களுக்குத் தள்ளிவிட்டிருப்பார்கள். அந்த ஆண்டு மே 9ஆம் நாள் ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் தங்கள் குலதெய்வக் கோயிலைத் தேடி காரில் போனது. அவர்களில் மலேசியாவிலிருந்து போன உறவினர்களும் இருந்தார்கள். அத்திமூர் என்ற கிராமத்துப் பக்கம் வழி கேட்க நின்றபோது, உடன் வந்த 65 வயது அம்மா அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பார்த்தவர்கள் அவரைக் குழந்தை கடத்துபவர் என்று முடிவு செய்தார்கள். கூட்டம் கூடியது. அந்த அம்மா அடித்தே கொல்லப்பட்டார். மற்றவர்களும் கடுமையாகத் தாக்கப்பட்டார்கள்.

இங்கிருந்து ஊருக்குப் போனால் நாமும் குலதெய்வக் கோயிலைத் தேடிப் போவோம். வழியில் பிள்ளைகளைப் பார்த்தால் கையில் இருக்கும் மிட்டாயைக் கொடுப்போம். அந்தக் காரில் நம் வீட்டுப் பாட்டி இருந்திருக்கலாம்.

இந்தியாவில் அந்த ஆண்டு நடந்த இப்படிப்பட்ட பல கொலைகளுக்குப் பிறகு, 2018 ஜூலையில் அங்கே ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி புலனம் கட்டுப்படுத்தியது. 2019 ஜனவரியில் உலகம் முழுவதுக்கும் அதே வரம்பு வந்தது. நம் போனில் ‘பலமுறை பகிரப்பட்டது’ என்று வரும் இரட்டை அம்புக்குறிக்கும் அந்தக் கவலைதான் காரணம். ஆனால் ஐந்து பேருக்குத் தள்ளுவதா, யாருக்கும் தள்ளாமல் விடுவதா என்பதைச் செயலி தீர்மானிக்காது. அது நம் விரல் செய்யும் வேலை.

6. அடைக்கலம்: நம் மரபின் சொல்

இந்த இடத்தில் நமக்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் கிடைக்கிறது. அடைக்கலம்.

சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு பகுதி உண்டு. மதுரைக்கு வெளியே வந்து சேர்ந்த கோவலனையும் கண்ணகியையும், வழித்துணையாக வந்த சமணத் துறவி கவுந்தியடிகள், மாதரி என்ற ஆயர்குல மூதாட்டியிடம் ஒப்படைக்கிறார். (நம் ஊர்ப் பெயரில் உள்ள ‘ஆயர்’ மலாய்மொழியில் தண்ணீர். மாதரியின் ஆயர், ஆநிரை மேய்க்கும் இடையர். பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்!) மாதரிக்கும் கண்ணகிக்கும் அதற்கு முன் பழக்கம் இல்லை. ஆனால் ஒப்படைக்கப்பட்ட நொடியிலிருந்து கண்ணகியின் பாதுகாப்பு மாதரியின் கடமையாகிறது. தனி வீடு கொடுக்கிறார், சமைக்கப் பாத்திரமும் பண்டமும் கொடுக்கிறார், தன் மகள் ஐயையைத் துணைக்கு விடுகிறார்.

அடைக்கலப் பொருளுக்கு மூன்று இலக்கணம் சொல்லலாம். அது நம் கையில் இருக்கும், ஆனால் நம்முடையது ஆகாது. அதைக் காப்பது நம் பொறுப்பு. உரியவர் கேட்டால் திருப்பித் தர வேண்டும்.

இப்போது நம் போனில் வந்த படத்தை இந்த மூன்றிலும் வைத்துப் பாருங்கள். மருத்துவமனைக் கட்டிலில் குழாய்களோடு படுத்திருக்கும் தாத்தாவின் படத்தை அத்தை அனுப்புகிறார். அவர் அனுப்பியது நாம் கவலைப்பட வேண்டும், வேண்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காக. படம் நம் கையில் இருக்கிறது. ஆனால் அது தாத்தாவின் மானம். வாழ்நாள் முழுக்க வேட்டியை ஒழுங்காக மடித்துக் கட்டாமல் வெளியே வராத மனிதரை, மூன்று குரூப்பில் அந்தக் கோலத்தில் காட்டுகிறோம். “தாத்தாவுக்காக வேண்டிக்குங்க” என்று எழுத்தில் போட்டால் யாரும் வேண்டிக்கொள்ளாமல் இருக்கப் போவதில்லை. தோழி தன் புதுப் பாவாடை தாவணியை ஐந்து பேருக்குக் காட்டினால், அது ஐந்து பேர் பார்ப்பதற்காக. நம்மிடம் சொன்ன குடும்பச் சண்டையின் குரல் பதிவும் அப்படித்தான்.

வள்ளுவர் நட்பைப் பற்றித் தொடர்ச்சியாக ஐந்து அதிகாரம் வைத்திருக்கிறார்: நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு. அதில் நட்பாராய்தல் ஆராயாமல் கொள்ளும் நட்பின் ஆபத்தைச் சொல்கிறது. வட்டத்தில் ஒருவரைச் சேர்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அதுதான். இன்னோர் இடத்தில் புறங்கூறாமை என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசுவது தவறென்றால், அவர் இல்லாத குரூப்பில் அவர் படத்தைப் போட்டுச் சிரிப்பது என்ன?

கீதையின் 17ஆம் அத்தியாயத்தில் 15ஆம் சுலோகம் சொல்லால் செய்யும் தவத்தைப் பற்றியது. பிறரைக் கலங்கடிக்காமலும் உண்மையாகவும் இனிமையாகவும் நன்மை தருவதாகவும் நம் சொல் இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் இந்த நான்கையும் கேட்டுப் பார்க்கலாம். இது யாரையாவது கலங்க வைக்குமா? உண்மையா? இனிமையாக இருக்கிறதா? நன்மை தருமா? 2018இல் பரவிய அந்தச் செய்தி முதல் இரண்டு கேள்வியிலேயே நின்றுபோயிருக்கும்.

7. வீட்டில் செய்து பார்க்க

அடுத்த கூட்டம் வருவதற்குள் இவற்றைச் செய்து வாருங்கள். எல்லாமே ஒரு மாலையில் முடியும்.

ஒன்று, கேட்டு எடுப்பது. ஒரு வாரம், யாரைப் படம் எடுத்தாலும் “போடலாமா?” என்று கேளுங்கள். பாட்டியிடமும் கேளுங்கள், ஆறு வயதுத் தம்பியிடமும் கேளுங்கள். “வேணாம்” என்றால் அங்கேயே அழித்துவிடுங்கள். தன் பேச்சுக்கு வீட்டில் மதிப்பு இருக்கிறது என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளும். பின்னாளில் வேறு யாராவது அதன் படத்தைக் கேட்டு வற்புறுத்தினால், மறுக்கும் தைரியம் இங்கிருந்துதான் வரும்.

இரண்டு, பட்டியலைப் பார்ப்பது. உங்கள் நெருங்கிய நண்பர்கள் பட்டியலையும் குரூப் உறுப்பினர்களையும் ஒருமுறை முழுக்கப் படியுங்கள். படிவம் ஐந்தில் சேர்த்தவர், ஒரே ஒரு நிகழ்ச்சிக்காகச் சேர்த்தவர், யாரென்றே தெரியாத எண். இவர்களுக்குக் காட்ட விரும்பாததை அங்கே போடக் கூடாது. ஒருவரை எடுத்துவிட வேண்டியிருந்தால் மரியாதையாக எடுத்துவிடலாம். பகை வேண்டியதில்லை.

மூன்று, அமைப்பைச் சரிசெய்வது. தானாகப் படம் சேமிப்பதை நிறுத்துங்கள். காப்புப் பிரதிக்கு மறையாக்கம் திறந்துவிடுங்கள். புதுச் செயலி தொடர்பு எண் புத்தகத்தைக் கேட்டால், அது இல்லாமல் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்தப் புத்தகத்தில் இருப்பது உங்கள் எண் மட்டும் இல்லை, உங்களை நம்பி எண் கொடுத்தவர்கள் எல்லாருடையதும் இருக்கிறது. அதுவும் அடைக்கலம்தான். அம்மா அப்பா போனிலும் இவற்றைச் செய்து கொடுங்கள். செய்துகொண்டே, எதற்காக என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

நான்கு, பெரியவரைத் திருத்தும் முறை. குடும்பக் குரூப்பில் மாமா தவறான செய்தி போட்டால், எல்லார் முன்னாலும் “இது பொய்” என்று எழுத வேண்டாம். அவர் மனம் நோகும், வீம்புக்கு இன்னும் பத்து அனுப்புவார். தனியாக அழைத்து, “மாமா, நீங்க அக்கறையில அனுப்புனீங்க, ஆனா இது பழைய செய்தியாம். நீங்களே எடுத்துட்டா நல்லா இருக்கும்” என்று சொல்லுங்கள். அவசர ஆபத்து உள்ள செய்தியாக இருந்தால் மட்டும் குரூப்பிலேயே பணிவாகச் சொல்லலாம்.

ஐந்து, திரும்பக் கொடுப்பது. நட்பு முறிந்தாலோ உறவு கசந்தாலோ, அவர் அனுப்பிய படங்கள் நம் கையில் ஆயுதமாகிவிடக் கூடாது. அழித்துவிட்டு அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். சண்டை வரும்போதுதான் அடைக்கலம் காக்கும் குணம் தெரியும்.

ஆறு, உண்மையான பெட்டி. குடும்பத்துக்கு வேண்டிய படங்களில் இருபதைத் தேர்ந்தெடுத்து, கடையில் அச்சுப் போட்டு, பின்னால் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். செயலிகள் மூடப்படும். பெட்டி இருக்கும்.

யாருடைய படமாவது அவர் விருப்பத்துக்கு மாறாகப் பரவிவிட்டால், முதல் வேலை அவரைத் திட்டாமல் இருப்பது. “நீ ஏன் அனுப்பினே?” என்ற கேள்வி அந்த நேரத்தில் யாரையும் காப்பாற்றாது. நம்பிக் கொடுத்தவர் குற்றவாளி இல்லை, நம்பிக்கையை உடைத்தவர்தான் குற்றவாளி. ஆதாரமாக இணைப்பையும் தேதியையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். செயலியில் புகார் கொடுங்கள். போலீசிலும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திலும் புகார் செய்யலாம். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் அந்தப் படத்தை ஆதாரம் என்று நாம் சேமிக்கவோ பகிரவோ கூடாது, உடனே போலீசிடம் போக வேண்டும். அவர் மனமுடைந்து இருந்தால் தனியாக விடாதீர்கள். மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் 15999 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

8. கலந்துரையாடக் கேள்விகள்

வட்டத் தலைவர்கள் இவற்றைச் சிறு குழுக்களாகப் பிரித்துக் கொடுக்கலாம். ஒரு குழுவுக்கு ஐந்து பேர் போதும். நேரம் 30 நிமிடம்.

1. பாலம் மூடியிருந்த இரண்டு ஆண்டில் உங்கள் வீட்டில் அல்லது தெரிந்த வீட்டில் கைப்பேசி எப்படி உதவியது? எது அதனால் ஈடு செய்ய முடியாமல் போனது?

2. நோயாளியின் படம், இறந்தவரின் படம், இறுதிச் சடங்குக் காணொளி. இவற்றை யாருக்கு, எப்போது அனுப்பலாம்? வெளியூரில் இருந்து வர முடியாத மகனுக்கும், 200 பேர் உள்ள குரூப்புக்கும் ஒரே விதி பொருந்துமா?

3. அத்திமூரில் நடந்ததற்குச் செய்தியைத் தள்ளிவிட்டவர்களுக்கும் பங்கு உண்டா? “எனக்கு வந்ததை அனுப்பினேன்” என்பது போதுமான பதிலா?

4. கோயில் திருவிழாவில் காவடி எடுப்பவர் அருள் வந்து ஆடும்போது எடுக்கும் படமும் அடைக்கலம்தானா? அவரிடம் எப்போது அனுமதி கேட்பது?

5. உங்கள் வட்டத்தில் மாதரியைப் போல நம்பி ஒப்படைக்கக்கூடியவர் யார்? உங்களை அப்படி நினைப்பவர் யாராவது இருக்கிறாரா?

ஐந்தாவது கேள்விக்கு மட்டும் பதிலைக் குழுவில் சொல்ல வேண்டாம். அவரவர் நோட்டில் எழுதி மூடி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர் நோட்டைத் திறந்து பார்க்காமல் இருப்பதும் இன்றையப் பாடத்தில் சேர்ந்ததுதான்.